திங்கட்கிழமைத் துதி

(அன்றாட வாழ்வில் இறைநம்பிக்கை பற்றிய தொலைக்காட்சி அரங்கத்தில், நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசமும் துதியும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. துதி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைதான். நல்ல உடை உடுத்தி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறோம். ஒரு சபையில் கீபோர்டும் டிரம்ஸும் முழங்க, கைகளை உயர்த்திப் பாடுகிறார்கள். இன்னோர் இடத்தில் பாடகர் குழு ஆர்மோனியத்தோடு கீர்த்தனை பாடுகிறது. கத்தோலிக்க ஆலயத்தில் திருப்பலி நடக்கிறது. இவை எல்லாமே நல்லவை. அவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் மறுநாள் திங்கட்கிழமை வந்துவிடுகிறதே! காலை ஏழு மணிக்குக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கிறார். பக்கத்து வண்டிக்காரர் குறுக்கே நுழைகிறார். அந்த நேரத்தில் நம் வாயிலிருந்து வருகிற வார்த்தை என்ன? நேற்று அல்லேலூயா பாடிய அதே வாய்தானே!

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் தேவாலயத்தில் இரண்டு மணி நேரம் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 166 மணி நேரம் வீட்டிலும், வேலையிடத்திலும், சாலையிலும், சந்தையிலும் கழிகிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய 6 விழுக்காட்டினர்தான் கிறிஸ்தவர்கள். நம் அண்டை வீட்டார், உடன் வேலை செய்வோர், ஏன், சொந்தபந்தங்களில் பலரும்கூட இந்துக்கள். அவர்கள் நம்முடைய இரண்டு மணி நேரத்தைப் பார்ப்பதில்லை. மீதி 166 மணி நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே, நம் துதி உண்மையா இல்லையா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

செங்கல்லும் தண்டவாளமும்

இந்தச் சிந்தனை புதிது அல்ல. நாம் வாழும் இந்த மண்ணிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நகரம் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய வீடுகள் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று ஆங்கிலேய ஆட்சியாளர் பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். பிறகு 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருக்கும் புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. அந்த ரயிலோடு தமிழர் வாழ்க்கையும் இந்தப் பள்ளத்தாக்கில் வேர் விட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிகாரிகளாகவும் குமாஸ்தாக்களாகவும் இருந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாள வேலையிலும் கித்தா தோட்டங்களிலும் உழைத்தார்கள்.

அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தரங்கம்பாடிக் கரையில் 1706ஆம் ஆண்டு சீகன்பால்கு ஐயர் வந்து இறங்கினார். அந்த லுத்தரன் மரபில் வளர்ந்த தமிழர்கள் கடல் கடந்து இங்கே வந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இன்றும் நிற்கும் சீயோன் லுத்தரன் தேவாலயம் 1924இல் எழுந்தது. கிள்ளானில் லூர்து அன்னை ஆலயம் 1928இல் கட்டப்பட்டது. இன்று இந்தக் கட்டடங்களைப் பார்த்து அழகு என்கிறோம். ஆனால் அங்கே முழங்காலிட்டவர்களில் பலர் வாரம் முழுவதும் உடம்பால் உழைத்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

தண்டவாளத்தைச் சோதிக்கும் ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். வெயிலானாலும் மழையானாலும் சுத்தியலும் சாவியும் எடுத்துக்கொண்டு பாதையோரமாக நடக்க வேண்டும். ஆணி தளர்ந்திருக்கிறதா, மரக்கட்டை உளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரை யாரும் பார்ப்பதில்லை. பயணிகளுக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் ஓர் ஆணியை அவர் கவனிக்காமல் விட்டுவிட்டால், ரயிலில் வருகிற அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை அவர் பாடிய பாட்டு உண்மை என்றால், செவ்வாய்க்கிழமை அந்த ஆணியை முடுக்குவதில் அது தெரிய வேண்டும் அல்லவா?

மார்ட்டின் லுத்தர் இதைத்தான் போதித்தார். குருவின் ஊழியம் மட்டுமே கடவுளுக்கு உகந்தது, மற்ற வேலையெல்லாம் தாழ்ந்தது என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். தகப்பன் ஒருவன் விசுவாசத்தோடு குழந்தையின் அழுக்குத் துணியை அலசும்போது, ஊரார் அவனைக் கேலி செய்தாலும் கடவுள் புன்னகை செய்கிறார் என்ற கருத்தை 1522ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஆண்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்! 500 ஆண்டுகளுக்கு முன்னால் சொன்னதை நம் வீடுகளில் இன்னும் முழுதாகக் கேட்கவில்லையே!

சிவப்பு விளக்கு எரியாத நேரம்

நான் வேலை பார்க்கும் துறையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒளிப்பதிவுக் கூடத்தில் கேமராவின் மேல் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அது எரிந்தால் நாம் ஒளிபரப்பில் இருக்கிறோம் என்று அர்த்தம். விளக்கு எரிந்தவுடன் முகத்தில் புன்னகை வரும், குரல் இனிமையாகும், தமிழும் சுத்தமாகும்! விளக்கு அணைந்த பிறகு, ஒலிவாங்கியை எடுத்து மாட்டிவிடும் தம்பியிடம் எப்படிப் பேசுகிறோம், தேநீர் கொண்டுவரும் அம்மாவைப் பார்த்து நன்றி சொல்கிறோமா என்பதில்தான் ஒருவரின் குணம் தெரியும். இந்தத் துறையில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

ஞாயிறு ஆராதனை என்பது சிவப்பு விளக்கு எரிகிற நேரம். போதகர் பார்க்கிறார், சபையார் பார்க்கிறார்கள். நாம் கண்ணை மூடிப் பாடுகிறோம். ஆனால் விசுவாசி என்பவர் விளக்கு அணைந்த பிறகும் தன்னைப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவர். இயேசு பெருமான் ஏறக்குறைய முப்பது வயதில்தான் போதிக்கத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டுகளை நாசரேத்தூரில், யாரும் கவனிக்காத ஒரு தச்சராகக் கழித்தார். பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரில் கூடாரம் தைத்துப் பிழைத்தார். ஊழியம் வேறு, உழைப்பு வேறு என்று அவர்கள் சுவர் எழுப்பவில்லை.

இசையமைப்பாளர் பாக் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். வாரத்துக்கு வாரம் புதிய இசை எழுதிக் கொடுக்க வேண்டிய நெருக்கடி. தேவாலயத்துக்காக எழுதிய பல இசைக் கோப்புகளின் முடிவில், மகிமை கடவுளுக்கே என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகளை எழுதி வைத்தார். நம்முடைய கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், நாம் பழுதுபார்த்துக் கொடுத்த வாகனத்தின் அடியில், நாம் திருத்திய மாணவர் பயிற்சி ஏட்டில் அந்த மூன்று எழுத்துகளைத் துணிந்து எழுத முடியுமா? எழுத வேண்டியதில்லை. எழுதத் தகுந்ததாக அந்த வேலை இருந்தால் போதும்.

தமிழில் வந்த துதி

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியவர். குறவஞ்சி என்பது குறி சொல்லும் குறத்தியை வைத்து மக்கள் முன் ஆடிப் பாடிய நாடக வடிவம். ஆண்டவரைப் புகழ அவர் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார். துதி என்பது மேல்நாட்டு மெட்டில், கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நம் தெருவில் நடமாடும் மொழியும் இசையும் கடவுளுக்குப் போதும் என்று நம்பினார்.

அந்த நம்பிக்கை கப்பலேறி இங்கேயும் வந்தது. தோட்டத்து லயங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், மாலையில் திரும்பி, விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் செய்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று கிள்ளானிலும் ஷா ஆலமிலும் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். லயத்து வீட்டில் இடமில்லை, ஆனாலும் குடும்பமாகச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நமக்கு மூன்று அறை வீடு இருக்கிறது. அறைக்கு ஒருவராகக் கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கிறோம்!

சமையற்கட்டில் ஒரு துறவி

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி வாழ்ந்தார். முன்பு போர்வீரராக இருந்து காலில் அடிபட்டவர். கார்மேல் சபை மடத்தில் சேர்ந்த அவருக்குக் கொடுக்கப்பட்டது சமையல் வேலை. அவருக்குச் சமையல் இயல்பாகவே பிடிக்காது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அந்த அடுப்படியிலேயே இருந்தார். பாத்திரங்களின் சத்தத்துக்கும், அவரவர் ஒவ்வொன்று கேட்கும் கூச்சலுக்கும் நடுவில், பீடத்தின் முன் முழங்காலிட்டிருக்கும்போது இருக்கிற அதே அமைதியோடு கடவுளோடு இருக்கப் பழகினேன் என்ற பொருள்பட அவர் சொன்னது பின்னால் நூலாக வந்தது. அதை இன்றும் உலகெங்கும் படிக்கிறார்கள்.

பிடித்த வேலையைச் செய்துகொண்டே துதிப்பது எளிது. பிடிக்காத வேலையிலும் துதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேட பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. கிள்ளானுக்கே போகலாம்.

அழவும் இடம் வேண்டும்

கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காள் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தவர். கணவர் லாரி ஓட்டுநர். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. தேவாலயங்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் தேதி வந்த உயிர்ப்புப் பெருவிழாவை நாம் எல்லாரும் வீட்டிலிருந்தே கொண்டாடினோம். பள்ளிகளும் மூடப்பட்டன. அந்த அக்காளின் வருமானம் நின்றது. 2021 ஆகஸ்டில் நாட்டில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் தொற்று கண்ட அந்தக் கொடிய காலத்தில் அவர் கணவர் இறந்தார். கடைசி முறையாக முகம் பார்க்கவும் முடியவில்லை. அடக்கத்துக்குப் போனவர்கள் சில பேர்தான்.

பிறகு தொலைபேசியில் ஆறுதல் வந்தது. எப்படிப்பட்ட ஆறுதல்? "அழாதீங்க சிஸ்டர், எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க. விசுவாசிகள் இப்படி அழலாமா?" என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தைகள் அவருடைய துக்கத்தின் வாயை அடைத்துவிட்டன. கடவுள் மேல் கோபம், கோபப்பட்டதற்காகக் குற்ற உணர்வு. தேவாலயங்கள் மறுபடி திறந்த பிறகும் அவர் பல மாதம் போகவில்லை.

அன்பர்களே, இங்கே நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். துதி என்ற பெயரில் ஒருவருடைய கண்ணீரைத் தடுப்பது துதி ஆகாது. வேதாகமத்தில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். எத்தனை காலம், ஏன் மறந்தீர், ஏன் தூரமாய் நிற்கிறீர் என்று கடவுளிடமே முறையிடுகிற பாடல்கள் அவை. அவற்றைத் துதிகளின் புத்தகத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. எபிரெய மொழியில் அந்தப் புத்தகத்தின் பெயருக்கே துதிகள் என்றுதான் பொருள். லாசருவின் கல்லறையருகே இயேசுவும் கண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறவர், ஆனாலும் அழுதார்.

அந்த அக்காள் எப்படித் திரும்பி வந்தார்? பிழைப்புக்காக வீட்டிலேயே நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கியிருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஆறரை மணிக்குப் பொட்டலம் தயாராகும். ஒருநாள் ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சபையில் பாடகர் குழுவில் பாடும் ஓர் அம்மா நின்றார். "வெங்காயம் வெட்டிக் கொடுக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். வேதவசனம் சொல்லவில்லை, ஜெபிக்கலாமா என்று கேட்கவில்லை. வெங்காயம் வெட்டினார், நெத்திலி வறுத்தார், வாழையிலை துடைத்தார். வாரத்தில் இரண்டு நாள், மாதக்கணக்கில் வந்தார். ஒருநாள் அக்காள் அழுதபோது, அந்த அம்மாவும் சேர்ந்து அழுதார்.

இன்றைக்கு அந்த அக்காள் ஒவ்வொரு பொட்டலத்தையும் மடிக்கும்போது, அதை வாங்கப் போகிறவருக்காக மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்கிறார். வாங்குகிறவர் தமிழர், சீனர், மலாய்க்காரர், யாரென்று தெரியாது. "அவரும் நல்லா இருக்கட்டும் ஆண்டவரே" என்று மட்டும் சொல்வாராம். இதைவிடச் சிறந்த ஆராதனை எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மஞ்சள் கோடும் வெள்ளமும்

துதிக்கும் சக மனிதனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதைகளில் புடைப்பாக ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. பார்வையற்ற பலர் அந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள், கைத்தடியால் அந்தக் கோட்டைத் தொட்டுத் தொட்டு நடக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல் மோட்டார் சைக்கிளையோ காரையோ நிறுத்திவிட்டு, அவசரமாக உள்ளே போய்க் கையை உயர்த்திப் பாடினால், அந்தத் துதி எங்கே போய்ச் சேரும்? ஏழையை மிதித்துக்கொண்டு பாடுகிற பாட்டு எனக்கு வேண்டாம் என்று ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாயிலாகக் கடவுள் சொன்ன செய்தி, நம் நடைபாதைக்கும் பொருந்தும்.

இதற்கு எதிரான காட்சியையும் நாம் பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. கிறிஸ்துமஸுக்கு ஒரே வாரம். கூரை மேல் மக்கள் உதவிக்காகக் காத்திருந்தார்கள். குருத்துவாராவில் சீக்கிய சகோதரர்கள் சமைத்து அனுப்பினார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற வேறுபாடு பாராமல் மக்கள் படகு, சாப்பாடு, போர்வை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சேறு படிந்த வீட்டை அண்டை வீட்டாரோடு சேர்ந்து கழுவியவர்களுக்கு, மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரைப் பற்றிய செய்தி அந்த ஆண்டு புதிதாகவே விளங்கியிருக்கும்.

நாளைக் காலை என்ன செய்யலாம்?

பேச்சைக் கேட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று போய்விடக் கூடாது. மூன்று சின்னக் காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு நாளில் ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாத்திரம் கழுவுவதாக இருக்கலாம், ரயிலுக்குக் காத்திருப்பதாக இருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தைக் கடவுளோடு பேசும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, இருக்கிற நேரமே போதும்.

இரண்டாவது, இரவு படுக்குமுன் அன்று நடந்த நல்லது ஒன்றையும், வலித்தது ஒன்றையும் குடும்பமாகச் சொல்லுங்கள். நல்லதற்கு நன்றி, வலிக்கு முறையீடு. இரண்டையும் ஒரே கடவுளிடம் சொல்லுங்கள். நல்லதை மட்டும் சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்காதீர்கள். வலியை வீட்டில் சொல்லப் பழகாத பிள்ளை, பிறகு அதை எங்கே போய்ச் சொல்லும்?

மூன்றாவது, துக்கத்தில் இருக்கிறவரிடம் துதிக்கச் சொல்லாதீர்கள். அவர் வீட்டில் என்ன வேலை கிடக்கிறது என்று பாருங்கள். வெங்காயம் இருந்தால் வெட்டுங்கள்.

சிறைச்சாலையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடினார்கள் என்று படிக்கிறோம். கதவுகள் திறந்ததைப் பற்றித்தான் எப்போதும் பேசுகிறோம். கதவு திறந்தும் அவர்கள் ஓடிப்போகாமல், உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்த சிறைக்காவலனைக் கூவித் தடுத்தார்கள் என்பதை அடுத்த முறை படிக்கும்போது கவனியுங்கள். அவர்களின் பாட்டு ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றுகிற செயலில் போய் முடிந்தது. நம் பாட்டும் அப்படி முடியட்டும்.